பழைய ஃபைபர் போட்டில் அவுட்போர்டு: ரெடிமேட் பிராக்கெட்டும் கடலூரில் கட்டிய பின்பலகையும்

அவுட்போர்டை, அதாவது போட்டின் பின்பக்கம் வெளியே தொங்கும் இன்ஜினை, மாட்ட பிராக்கெட் வாங்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போட்டின் பின்பக்கம் போங்கள். பின்பலகையை, அதாவது பட்டறையில் ட்ரான்சம் என்று சொல்வதை, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தட்டிக்கொண்டே வாருங்கள். டக் டக் என்று கெட்டியாகக் கேட்டால் சரி. நடுவில் எங்கேயாவது பொத்தென்று சோர்ந்த சத்தம் வந்தால் கடைக்குப் போக வேண்டாம். நான் இதைச் செய்யாமல்தான் போனேன். பிராக்கெட்டுக்குக் கொடுத்த காசு போயிற்று, இன்ஜினும் கடலுக்குள் போயிருக்க வேண்டியது.

என்னுடையது 22 அடி ஃபைபர் போட். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வந்து இறங்கிய போட்டுகளில் ஒன்று, தாழங்குடாவில் ஒரு குடும்பத்திடமிருந்து மச்சான் மூலமாக வாங்கினேன். தானே புயலையும் பார்த்த போட், ஆனாலும் உடம்பு நன்றாகவே இருந்தது. டீசல் லாங் டெயில் இன்ஜினில் ஓடியது. லாங் டெயிலில் இன்ஜினின் பாரம் போட்டுக்குள்ளே போட்ட பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், ஷாஃப்ட் மட்டும் பின்னால் நீண்டிருக்கும், அதனால் பின்பலகைக்குப் பெரிய வேலை இல்லை. அவுட்போர்டு அப்படி இல்லை. மொத்த எடையும் தள்ளும் விசையும் அந்த ஒரு பலகையின் மேல்தான். லாங் டெயிலைக் கழற்றிவிட்டு 25 எச்.பி. டூ ஸ்ட்ரோக் யமஹா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மீன் எடை போடும் தராசில் தூக்கிப் பார்த்தோம், 54 கிலோ. லாங் ஷாஃப்ட், அதாவது 20 அங்குலம்.

இங்கேதான் முதல் சிக்கல். அவுட்போர்டுகள் 15, 20, 25 அங்குலம் என்று மூன்று உயரத்துக்கு வருகின்றன, அதற்குத் தகுந்த பின்பலகை வேண்டும். பலகையின் மேல் விளிம்பில் நடுவிலிருந்து போட்டின் அடி வரை டேப் வைத்து அளந்தேன், 23 அங்குலம் வந்தது. இருபதுக்கும் இல்லை, இருபத்தைந்துக்கும் இல்லை. அப்படியே மாட்டினால் புரொப்பலர் மேலேயே நின்று காற்றை இழுக்கும், இன்ஜின் கத்தும், போட் நகராது. அதனால் இன்ஜினைக் கீழே இறக்கி மாட்ட ஒரு பிராக்கெட் போதும் என்று முடிவுசெய்தேன்.

ரெடிமேட் பிராக்கெட் ஒன்று வாங்கினேன், ஸ்பிரிங் வைத்து ஏற்றி இறக்குகிற வகை. கடையின் பெயர் வேண்டாம். அதன் தகட்டிலேயே 15 எச்.பி. வரை என்று அடித்திருந்தது, 25 தாங்கும் சார், நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள் என்றார்கள், நானும் தலையாட்டினேன். இந்த வகை பிராக்கெட்டின் உண்மையான வேலை, பெரிய இன்ஜின் உள்ள போட்டில் அவசரத்துக்கு வைக்கிற சின்ன இன்ஜினைத் தாங்குவது. அந்த வேலைக்கு நல்ல பொருள். முழுநேர இன்ஜினை அதில் தொங்கவிடக் கூடாது. அதன் கணக்கு எளிதானது. இன்ஜினின் எடை பலகையிலிருந்து முக்கால் அடி, ஒரு அடி பின்னால்தான் தொங்குகிறது. பிராக்கெட் அதை இன்னும் ஒரு அடி பின்னால் தள்ளினால் பலகையை முறுக்கும் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அது போட் சும்மா நிற்கும்போது. அலையில் குதித்து விழும்போது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது முறை கடலுக்குப் போனபோது தேவனாம்பட்டினத்துக்கு நேராக இன்ஜின் ஆட ஆரம்பித்தது. ஆடுவது இன்ஜின் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் பலகையே மூச்சு விடுவதுபோல உள்ளே வெளியே போய்க்கொண்டிருக்கிறது, மேல் போல்ட்டுகளின் வாஷர் அரை விரல் ஆழத்துக்கு ஃபைபரில் புதைந்துவிட்டது. மச்சான் நங்கூரக் கயிற்றை எடுத்து இன்ஜினைச் சுற்றிக் கட்டி உட்காரும் பலகையில் இழுத்து முடிந்தார், மெதுவாக முகத்துவாரத்துக்குள் வந்து சேர்ந்தோம். மேல் போல்ட் மட்டும் ஏன் புதைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புரொப்பலர் தண்ணீருக்கடியில் முன்னால் தள்ளுகிறது, அதனால் பிராக்கெட்டின் கீழ்ப்பக்கம் பலகையை அழுத்தும், மேல்பக்கம் பலகையைப் பின்னால் பிடுங்கும். மேல் இரண்டு போல்ட்டும் எப்போதும் இழுவையில்தான் இருக்கின்றன.

கரைக்கு வந்து உள்பக்கமாக ஒரு சின்ன டிரில் போட்டுப் பார்த்தபோது ஈரமான காப்பித் தூள் மாதிரி வந்தது. உள்ளே இருந்த ப்ளைவுட் முழுக்க மக்கிப் போயிருந்தது. நடுவில் யாரோ ஒரு சின்ன அவுட்போர்டை மாட்டிக் கழற்றிவிட்டு, ஓட்டைகளைப் புட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். புட்டி வெடித்து, வருஷக்கணக்காக அந்த நான்கு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க புதுச்சேரிப் பக்கம் வீராம்பட்டினம், நல்லவாடு, தேங்காய்த்திட்டு என்று நடந்து ஒவ்வொரு போட்டின் பின்பக்கத்தையும் பார்த்தேன். இன்ஜின் மாட்டுவதைப் பற்றி யோசிக்கிற எல்லோரும் இதைச் செய்யலாம், செலவில்லாத படிப்பு. எந்தப் போட்டில் பலகையின் மூலையில் கீறல் விட்டிருக்கிறது, எதில் போல்ட்டைச் சுற்றித் துருக் கறை வழிந்திருக்கிறது, எதில் உள்ளே முட்டு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

என் முன்னால் இருந்தது மூன்று வழி. முதலாவது, 25 அங்குல ஷாஃப்ட் உள்ள வேறு இன்ஜின். அது 23 அங்குலப் பலகையில் 2 அங்குலம் கூடுதலாகத் தொங்கும், ஓடும், ஆனால் முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கும் நாட்களில் தட்டும், அந்த அளவில் பழைய இன்ஜினும் லேசில் கிடைக்காது. இரண்டாவது, பலகையைப் புதிதாகக் கட்டி, அதன்மேல் கடல் அலுமினியத்தில் வெல்டிங் செய்த கெட்டியான பிராக்கெட். போட்டுக்குள் இடம் மிச்சமாகும், பார்க்கவும் நன்றாக இருக்கும், ஆனால் நம் ஃபைபர் போட்டுகளின் பின்பக்கம் ஒடுக்கம், மிதக்கும் சக்தி அங்கே குறைவு. 54 கிலோவை இன்னும் பின்னால் தள்ளினால் பின்பக்கம் அமுங்கி மூக்குத் தூக்கிக்கொள்ளும். காற்றுப் பெட்டி வைத்த பெரிய பிராக்கெட் போட்டால் அதைச் சரிக்கட்டலாம், அந்தச் செலவு இந்தப் போட்டுக்குத் தாங்காது. மூன்றாவது, பலகையை நடுவில் மட்டும் 20 அங்குலத்துக்கு வெட்டி இறக்கி இன்ஜினை நேராக அதிலேயே மாட்டுவது. இதற்கு நான் பயந்தேன். முகத்துவாரத்தில் உள்ளே நுழையும்போது அலை பின்னாலிருந்துதான் வரும், பின்பக்கத்தை வெட்டித் தாழ்த்துவது தண்ணீருக்குக் கதவைத் திறந்துவிடுவது மாதிரி.

உப்பனாற்றங்கரையில் போட் வேலை செய்யும் பட்டறைக்காரர் ஒருவர்தான் இந்தப் பயத்துக்குப் பதில் சொன்னார். "அண்ணே, பலகைய வெட்டுங்க, ஆனா அதுக்கு முன்னாடி உள்ளே ஒரு தொட்டி கட்டுவோம். அலை வந்தா தொட்டிக்குள்ள விழும், ஓட்டை வழியா திரும்ப வெளிய போயிடும். தொட்டியோட முன்சுவர்தான் இனிமே உங்க பின்பலகை." கேட்டதும் புரிந்துவிட்டது. அந்த முன்சுவரைப் பழைய 23 அங்குலத்தைவிட 2 அங்குலம் உயரமாகவே வைத்தோம். போட் முன்பைவிடப் பாதுகாப்பாகத்தான் ஆகியிருக்கிறது.

இனி அவர் வேலையைப் பற்றி. உள்பக்கத்து ஃபைபரை வெட்டியெடுத்து, மக்கிய மரம் முழுவதையும் உளியால் பெயர்த்து, வெளித் தோலை மட்டும் அச்சாக வைத்துக்கொண்டார். மக்கிய இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாமே என்று நான் கேட்டதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அது சரிதான், ஈரம் எங்கே வரை போயிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. புது மரத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் 18 எம்.எம்.மில் இரண்டு அடுக்கு. இதில் ஏமாறாதீர்கள், ஐ.எஸ். 303 என்று அடித்த பலகையையும் வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லிக் கையில் கொடுப்பார்கள், அது அலமாரிக்குச் சரி. 710 பலகைக்கான சோதனையே 72 மணி நேரம் கொதிக்கவைத்துக் காயவைத்துப் பார்ப்பது. ஒரு வெட்டுத் துண்டை வீட்டில் பழைய பாத்திரத்தில் போட்டு ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவைத்தேன், அடுக்கு ஒன்றுகூடப் பிரியவில்லை, அதற்குப் பிறகுதான் ஒட்ட விட்டேன்.

பலகையின் சாய்வு என்று ஒன்று இருக்கிறது, இதை யாரும் கவனிப்பதில்லை. அவுட்போர்டின் பிடி, பலகை சுமார் 12 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும் என்று வைத்துத்தான் செய்யப்படுகிறது. நம் போட்டுகளின் பின்பலகை கிட்டத்தட்ட செங்குத்து, என்னுடையதைப் போனில் உள்ள மட்டப் பலகை ஆப் வைத்துப் பார்த்தபோது 5 டிகிரிதான் காட்டியது. அதில் நேராக மாட்டினால் இன்ஜினின் காலைப் போதுமான அளவு உள்ளே மடக்க முடியாது, போட் கிளம்பும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். அதனால் இன்ஜின் உட்காரும் இடத்தில் ஆப்பு வடிவில் மரத்தை இழைத்து உள்ளேயே சேர்த்து ஃபைபர் போட்டார். மொத்த கனம் 46 எம்.எம். வந்தது. இன்ஜினின் பிடித் திருகு எவ்வளவு விரியும் என்று அளந்துவிட்டுத்தான் கனத்தை முடிவுசெய்ய வேண்டும், கட்டிய பிறகு பிடி ஏறவில்லை என்றால் எல்லாம் வீண்.

ரெசின் புதுச்சேரியில் வாங்கினேன். சாதா ரெசின் வேண்டாம், ஐசோ ரெசின் என்று கேட்டு வாங்குங்கள், உப்புத் தண்ணீருக்கு அதுதான் நிற்கும். கண்ணாடி இழை விரிப்பான மேட் 450 கிராம், நெய்த விரிப்பான ரோவிங் 600 கிராம், மாறி மாறி. பழைய ஃபைபரோடு சேரும் ஓரத்தை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் நீளமாகச் சரித்துத் தேய்த்த பிறகுதான் புது மேட் ஏறியது. நாங்கள் மாசியில் செய்தோம். ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றில் இருக்கும் ஈரம் கெடுக்கும், அக்னி நட்சத்திர வெயிலில் தூரிகையை நனைப்பதற்குள் டப்பாவிலேயே ரெசின் இறுகிவிடும். வீட்டில் தாமே செய்பவர்களுக்கு ஒன்று: ரெசினை இறுகவைக்கக் கலக்கும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் எந்தக் காரணம் கொண்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும், தீப்பிடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கி முடித்துவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட், கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்கவும் வேண்டாம்.

பலகைக்கு இரண்டு பக்கமும் முக்கோண முட்டு, பலகையிலிருந்து பக்கச் சுவர் வரை. இது இல்லாமல் பலகை எவ்வளவு கனமாக இருந்தாலும் மூலையில் கீறும். புதுச்சேரிக் கரையில் நான் பார்த்த கீறல்கள் எல்லாம் முட்டு இல்லாத போட்டுகளில்தான்.

தொட்டியில்தான் தவறு நடந்தது. 14 அங்குல நீளம் போதும் என்று அவர் சொன்னார், கட்டியும் விட்டார். இன்ஜினை மாட்டித் தூக்கிப் பார்த்தால் பாதியிலேயே தலை தொட்டியின் முன்சுவரில் இடிக்கிறது. கரையில் ஏற்றுகிற போட்டுக்கு இன்ஜின் முழுக்கத் தூக்கியே ஆக வேண்டும். அட்டையில் இன்ஜினின் பக்கத் தோற்றத்தை வெட்டி, மேல் பிடியில் ஆணி குத்திச் சுழற்றிப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அதைத்தான் பிறகு செய்தோம், 20 அங்குலம் தேவைப்பட்டது, சுவரை இடித்து மறுபடி கட்ட ஒன்பது நாள் போயிற்று. கூலி வாங்கவில்லை, மேட்டுக்கும் ரெசினுக்கும் மட்டும் பாதிப் பாதி என்று பேசிக்கொண்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை, நாள் தள்ளிக்கொண்டே போனதுதான் வருத்தம். பத்து நாள் என்று சொன்ன வேலை ஐந்து வாரம் ஆயிற்று.

தொட்டியின் தரை எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் பார்க்காமல் தண்ணீரில் பார்த்தோம். போட்டை ஆற்றில் இறக்கி, இன்ஜின் எடைக்கு மணல் மூட்டை கட்டி, பின்பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து, தண்ணீர் எது வரை ஏறுகிறது என்று வெளியே சாக்பீஸால் கோடு போட்டார் மச்சான். அந்தக் கோட்டுக்கு 3 அங்குலம் மேலே தரை, அதில் ஒன்றரை அங்குலக் குழாய் இரண்டு, ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று. தரை கோட்டுக்குக் கீழே போனால் தொட்டி எப்போதும் நிரம்பியே இருக்கும்.

போல்ட் விஷயத்தில் நானே கடைக்குப் போனேன், ஏனென்றால் அவர் முதலில் கொண்டு வந்தது 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது எஸ்.எஸ். கடைக்காரர்கள் காந்தம் வைத்துக் காட்டி ஒட்டவில்லை பாருங்கள், நல்ல எஸ்.எஸ். என்பார்கள். காந்தத்தால் 304-ஐயும் 316-ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது. போல்ட் தலையைப் பாருங்கள்: ஏ2 என்று இருந்தால் 304 வகை, ஏ4 என்று இருந்தால் 316 வகை. கடலுக்கு ஏ4 வேண்டும். 12 எம்.எம். போல்ட் நான்கு, உள்பக்கம் பெரிய தகடு, அதிர்வில் கழலாத நைலாக் நட். திருகுப் பிடி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். 25 எச்.பி.க்குப் போதாது, பிடியையும் இறுக்கி, போல்ட்டும் போட்டு, அதற்கு மேல் ஒரு கயிறும் கட்டி வையுங்கள்.

ஓட்டை போடும் முறைதான் இந்தப் பட்டறையில் எனக்கு மிகப் பிடித்தது. 12 எம்.எம். போல்ட்டுக்கு 20 எம்.எம். ஓட்டை போட்டார். அதில் எபாக்ஸியைக் கண்ணாடித் தூளோடு கெட்டியாகக் குழைத்து நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, அதன் நடுவில் மறுபடி 12.5-க்குத் துளைத்தார். இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை, எபாக்ஸிக் குழாய்தான். சீலன்ட் என்றைக்காவது விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. என் போட்டின் பழைய பலகை செத்ததே அந்த நான்கு ஓட்டையால் என்பதால் இதைப் பார்த்தபோது மனசு நிறைந்தது. சீலன்ட்டுக்கு சிக்காஃப்ளெக்ஸ் 291 போட்டோம், பாத்ரூம் சிலிக்கான் இந்த இடத்துக்கு ஆகாது.

முதல் ஓட்டத்தில் வேகம் கூட்டினால் இன்ஜின் காற்றை இழுத்தது. உயரம் சரியாக இருந்தது, புரொப்பலருக்கு மேலே இருக்கும் காவிட்டேஷன் தட்டு போட்டின் அடியோடு சமமாக நின்றது, பிறகு ஏன் என்று புரியவில்லை. காரணம் அடியில் நடுவில் ஓடும் ஏரா. நம் போட்டுகளில் அது பின்பலகை வரை முழு உயரத்தில் வருகிறது. லாங் டெயிலுக்குப் பரவாயில்லை, அதன் புரொப்பலர் ரொம்பத் தள்ளி இருக்கிறது. அவுட்போர்டுக்கு நேர் முன்னால் ஏரா முடிந்தால் கலங்கிய, காற்றுக் குமிழி கலந்த தண்ணீர்தான் புரொப்பலருக்குக் கிடைக்கும். கடைசி ஒன்றரை அடியை மெதுவாகச் சரித்து இழைத்து மறுபடி ஃபைபர் மூடினார், இன்ஜினை அரை அங்குலம் இறக்கினோம், சரியாகிவிட்டது. லாங் டெயிலிலிருந்து மாறுகிறவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

எட்டு மாதமாக ஓடுகிறது. சோழகக் காற்றிலும் போயிருக்கிறோம், ஒரு முறை முகத்துவாரத்தில் பின்னாலிருந்து வந்த அலை தொட்டியை நிரப்பியது, ஒரு நிமிஷத்துக்குள் வடிந்தது, போட்டுக்குள் சொட்டு விழவில்லை. குறை என்றால், உள்ளே 20 அங்குல இடம் போயிற்று, வலை மடித்து வைக்க மச்சானுக்கு இடைஞ்சல். தொட்டிச் சுவர் நடுவில் வந்துவிட்டதால் இன்ஜினைத் திருப்பும் டில்லர் கைப்பிடி கைக்கு எட்டவில்லை, ஒரு பி.வி.சி. குழாயைச் செருகி நீட்டியிருக்கிறோம். மொத்தம் 38 ஆயிரம் ஆயிற்று, வீணான ரெடிமேட் பிராக்கெட்டைச் சேர்க்காமல்.

10 எச்.பி.க்குள் சின்ன இன்ஜின், கெட்டியான பலகை, உயரம் மட்டும் இடிக்கிறது என்றால் ரெடிமேட் பிராக்கெட் வாங்கலாம், தகட்டில் எழுதிய அளவைத் தாண்டாதீர்கள். பின்பக்கம் அகலமான பெரிய போட் என்றால் வெல்டிங் அலுமினிய பிராக்கெட்டைப் பற்றி யோசிக்கலாம். நம் கரையில் ஓடும் 20 அடி, 22 அடி ஒடுக்கமான பழைய ஃபைபர் போட்டுக்கு, பலகையைக் கட்டித் தொட்டி வைப்பதைவிட நல்லது எதையும் நான் பார்க்கவில்லை.

போன வாரம் தொட்டியின் இடது மூலையில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், சத்தம் கெட்டியாகத்தான் இருக்கிறது, மேல் பூச்சு மட்டும் விட்டிருக்கிறது. பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாடைக் காற்று தொடங்குவதற்குள் தேய்த்து ஒரு மேட் போட்டுவிடலாம், அன்றைக்கே நான்கு நட்டையும் இறுக்கிப் பார்த்துவிடலாம் என்றார். சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்.